ஈரத்துண்டு

உங்கள் கழுத்து சிவந்திருக்கிறது, சார். சவரம் செய்ததும் துண்டால் அழுத்தித் துடைத்திருப்பீர்கள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். தேய்க்கக் கூடாது. ஒற்றி எடுக்க வேண்டும்.

என் பெயர் பூபதி. வேதியியல் படித்தவன். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருந்தேன். ஒரு சவ்வரிசி ஆலையின் ஆய்வகத்தில் வேலை. எனக்கு மெல்லிய தோல், பிளேடு பட்டாலே தடித்துவிடும். கடையில் விற்கும் லோஷனில் ஸ்பிரிட் இருப்பதால் இன்னும் எரியும். எனக்கு வழி காட்டியவள் என் மனைவி சௌமியா. குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முதலில் முகத்தில் போட்டு வைக்க வேண்டும். பிறகு கற்றாழைச் சோறு. ஈரம் காயும் முன் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். அவளே விரல் நுனியால் தடவிவிடுவாள்.

அவள் இறந்த பிறகு நான் நாமகிரிப்பேட்டையில் மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டேன். மாமா வெங்கடாசலத்துக்கு அதே நாளில் பக்கவாதம் வந்தது. பேச்சு போனது, வலப்பக்கமும் போனது. வேறு பிள்ளைகள் இல்லை. அத்தை பெருமாயி ஒருவரால் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கக்கூட முடியாது. தினமும் காலையில் களத்து வேப்பமரத்தடியில் அவருக்குச் சவரம் செய்துவிட்டது நான்தான். துண்டு, கற்றாழை, எண்ணெய். ஒன்றையும் விட்டதில்லை.

பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேலி செய்வார். "ஏனுங் மாப்பள, மாமனாரைப் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போறீங்களா? இந்த மினுக்கு மினுக்கறாரு. எம்பட மவன் எனக்கு ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுக்க மாட்டீங்கறான்."

"போ பழனியக்கா, கண்ணு வெக்காத," என்பார் அத்தை.

மாமா சிரித்ததில்லை. நான் பிளேடோடு குனியும்போதெல்லாம் இமைக்காமல் என் முகத்தையே பார்ப்பார். கருவிழிகளில் லேசான வெண்மை. வயசு என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பார்வையின் காரணம் எனக்குத் தெரியும் என்றும் நினைத்தேன்.

சௌமியா இறந்த நாளைச் சொல்கிறேன். விடுமுறைக்கு மாமா வீட்டுக்கு வந்திருந்தோம். காலையில் முகம் எரிந்தது, கற்றாழை கேட்டேன். கற்றாழை கிணற்று மேட்டில்தான் முளைத்திருக்கும். நானும் கூடப் போனேன். ஒரு மடலை அறுத்து, முள் சீவி என்னிடம் நீட்டினாள்.

"இனி நீங்களே தடவிக்கங்க. நான் சேலத்துக்கு வரலைங்க. நாளைக்கு அப்பாகிட்டச் சொல்லிடுவேன்."

"என்னத்துக்கு?"

"உங்களுக்கு மூஞ்சி கொஞ்சம் எரிஞ்சா, எனக்கு ஒடம்பே எரியோணும்னு நெனைக்கறீங்க."

முழங்கைக்கு மேலே அவளுக்கு இரண்டு தழும்புகள் இருந்தன, சார். இஸ்திரிப் பெட்டி. அந்த இரண்டுக்கும் கற்றாழை தடவியது நான்தான். அதை அவள் சொல்லவில்லை.

அடுத்த மடலுக்குக் குனிந்தாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது.

திரும்பியபோது, களத்துக் கட்டிலில் மாமா எழுந்து உட்கார்ந்து என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தார். மகள் வழுக்கி விழுந்ததைப் பார்த்த அதிர்ச்சி என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

பயிற்சி கொடுக்க வந்த பெண், பேச்சு திரும்பிவிடும் என்றாள். ஒரு காலை, பாதிச் சவரத்தில் மாமா வாயைக் கோணி, "சா..." என்றார். கண் என் மேல். மறுபடியும், "சா..."

அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "கேட்டீங்களா? உங்களைத்தானுங்க கூப்புடறாரு. சாமீங்கறாரு!"

எங்கள் பக்கம் தொட்டில் குழந்தையும் சாமி, பல் விழுந்தவரும் சாமி. மருமகனும் சாமிதான். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. சாவடிச்சவன் என்ற சொல்லும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது.

அன்றிலிருந்து அத்தை கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து பழக்கினார். "மி சொல்லுங்க. எங்க, மி." அடுத்த எழுத்துக்காக அவர் காத்திருந்தார். நானும்தான்.

அத்தை சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்த ஒரு காலையில் சவரம் முடிந்தது. துண்டை நனைத்துப் பிழிந்தேன். மாமா, "சா..." என்றார். உதடுகள் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தன. துண்டை முகத்தில் போட்டேன். வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக அழுத்தினேன். உள்ளங்கைக்குக் கீழே அவருடைய இரண்டு உதடுகளும் ஒட்டின. இடது கை என் சட்டையைப் பிடித்தது. அது விட்ட பிறகுதான் துண்டை எடுத்தேன். கற்றாழை தடவினேன். எண்ணெயும் தடவினேன்.

படுத்த படுக்கையாக இருந்தவர் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பங்காளிகள் இருந்தும், கொள்ளியை நான்தான் வைக்க வேண்டும் என்று அத்தை பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். வைத்தேன்.

காரியத்தன்று ஊர் நாவிதர் சென்றாயன் எனக்குச் சவரம் செய்துவிட்டு ஈரத்துண்டை முகத்தில் போட்டார். துணிக்கு உள்ளே, என் வாய்க்கு மிக அருகில், "சா..." என்று கேட்டது. துண்டைப் பிடுங்கி எறிந்தேன். துக்கம் என்று நினைத்தார்கள். அத்தை என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

"உங்ககிட்டச் சொல்லாம மறைச்சுட்டோம் சாமி. மாமாவுக்கு ரெண்டு கண்ணும் புரை. ஒரு முழம் தள்ளி நின்னா ஆளு யாருன்னே தெரியாது. சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சாக் கேவலம்னு சொல்லவுடலைங்க. அன்னிக்குக் கெணத்துல புள்ள கத்துன சத்தம்தான் அவருக்குத் தெரியும். நீங்க சவரம் பண்றப்ப மட்டுந்தான் உங்க மூஞ்சி கிட்ட வரும். அதான் அப்படிப் பாத்துட்டே இருந்தாரு."

இப்போது நான் சவரம் செய்வதில்லை. முகத்தில் தண்ணீர் பட்டாலே அந்த எழுத்து கேட்கிறது. நேற்றுக் கண்ணாடி முன் நின்று இரண்டு சொற்களையும் சொல்லிப் பார்த்தேன். 'சாவடிச்சவன்' என்பதில் உதடுகள் ஒட்டவே இல்லை. 'சாமி' என்பதில் ஒட்டுகின்றன.

என் கையின் கீழே அவை ஒட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அப்போதும் கையை எடுக்கவில்லை.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான், சார். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கையில் மாமாவுக்கு ஒரு நாளும் முகம் எரிந்ததில்லை.