ஏழாம் கூடாரத்தின் கோரிக்கை

பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினான்கு கிலோமீட்டர் நடந்தும் களைக்காமல் இந்த மன்றத்துக்கும் நடந்து வந்திருக்கும் பெரியோர்களே! என் பேச்சு நீண்டுவிடுமோ என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு தலைமை வகிக்கும் புகழேந்தி ஐயா அவர்களே! அடுப்பை அணைத்த கையோடு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! கணினி பயிலும் கண்மணிகளே! கீழ்பென்னாத்தூர் ராஜம்மாள் மகள் கீதாஞ்சலியின் கனிவான வணக்கம்.

நிரலாளர் மன்றத்தைத் தொடங்கி வைக்க அழைத்தீர்கள். சி மொழியைப் பற்றிப் பேசப் பணித்தீர்கள். என்ன அம்மா, அதற்குள் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள்! இது காணாமல் போன ஒரு மனிதரின் கதை.

கோப்பு ஒன்றைப் படித்துக் கொடு என்று கணினியைக் கேட்டால், பழைய வழியில் என்ன நடக்கும்? அது வரும்வரை நம் நிரல் கைகட்டி நிற்கும். வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும். பன்னிரண்டு கோப்பு வேண்டுமென்றால் பன்னிரண்டு முறை கேட்டு, பன்னிரண்டு முறை காத்து, பன்னிரண்டு முறை கொட்டாவி விடவேண்டும்! இன்னொரு வழி உண்டு. பன்னிரண்டு கோரிக்கைகளையும் ஒரே பட்டியலாக எழுதி, லியோ லிஸ்டியோ என்னும் ஒரே அழைப்பில் இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிட்டு, நிரல் வேறு வேலையைப் பார்க்கலாம். எது முதலில் முடிகிறதோ அது முதலில் கிடைக்கும்.

அந்த வழியை நான் கையாண்டது போன மாசிப் பௌர்ணமியன்று. கிரிவலப் பாதையில் வழித்துணைக் குழுவினர் நாங்கள் பன்னிரண்டு கூடாரங்கள் போட்டிருந்தோம். வழி தவறி நிற்பவர்களை அமர வைத்து, மோர் கொடுத்து, படம் பிடித்து, கூடாரத்துக் கணினியில் வைப்போம். பௌர்ணமிக் கூட்டத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அதனால் கூடாரங்களுக்கெல்லாம் கேபிள் இழுத்திருந்தோம். பாதையில் அடி அண்ணாமலை ஊரருகே போட்டிருந்த மேசையிலிருந்து என் நிரல் எல்லாப் படங்களையும் படித்துக் காட்டும். எவ்வளவு பெருமை எனக்கு!

மாலை நான்கு மணிக்கு ஜோதியம்மாள் என்ற அம்மா ஓடி வந்தார். கையில் ஒரு துணிப்பை. கண்ணில் நீர்.

“எங்க வூட்டுக்காரரக் காணோம்மா. இருசப்பன்னு பேரு. வாதம் வந்ததுலருந்து பேச்சு வராது, பேரு கேட்டாகூட சொல்ல மாட்டாரு. சக்கரை ஜாஸ்தி. ஆறு மணிக்குள்ள ஊசி போடணும், ஊசி இந்தப் பைலதான் கீது.”

பட்டியலை அனுப்பினேன். சுழியம் என்று பதில் வந்தது. சி மொழியில் சுழியம் வந்தால் சுபம்! உடனே திரையைப் பார்த்தேன். ஒரு படமும் இல்லை. “எந்தக் கூடாரத்துலயும் இல்லைங்கம்மா” என்று சொல்லியே விட்டேன். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

பக்கத்தில் இருந்த எங்கள் குழுவின் பிரகாஷ் கேட்டார்: “அதெப்படி கீதா? மூணாம் கூடாரத்துல காலைல நானே ரெண்டு பேரப் படம் புடிச்சேனே, அதுகூடவா இல்ல?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சுழியத்துக்குப் பொருள், பட்டியல் பெறப்பட்டது என்பது மட்டுமே! படித்து முடிந்தது என்பதல்ல. எங்கள் வீட்டிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்ததுமே, பட்டாவே வந்துவிட்டது என்று என் அம்மா தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தார். விசாரணைக்கு வரச்சொல்லும் கடிதம் அதற்கு அப்புறம்தான் வந்தது! என்ன தம்பி, கேசரியில் முந்திரி இருந்ததா என்கிறீர்களா? இருந்தது, இருந்தது! சிரியுங்கள். நான் அன்று சிரிக்கவில்லை. சீட்டை நம்பி ஒரு மனைவியைத் திருப்பி அனுப்பியவள் நான்.

ஓடினேன். ஜோதியம்மாளின் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியே கேட்கும்படி நிரலைத் திருத்தினேன். நீ முடிந்தாயா? இன்னும் நடக்கிறதா? சரி, மறுபடி வருகிறேன். நீ முடிந்தாயா? உன் படத்தைக் கொடு! மூன்றாம் கூடாரம் வந்தது. பத்தாம் கூடாரம் வந்தது. முதலாம் கூடாரம் வந்தது. பதினொன்று வந்தன. அவற்றில் இருசப்பன் இல்லை. ஏழாம் கூடாரத்தின் கோரிக்கை மட்டும் பிழை என்று திரும்பியது.

மணி ஐந்தேகால். பிரகாஷ் தாழ்ந்த குரலில் சொன்னார்: “பதினொண்ணு வந்துடுச்சு கீதா. ஒண்ணு போனா போவுது. அந்தம்மாவ பஸ் ஏத்தி வுட்டுடலாம், ஊர்ப்பக்கம் தேடட்டும்.”

பன்னிரண்டில் பதினொன்று! தேர்வில் வாங்கினால் பெற்றோர் பூரித்துப் போவார்களே! ஆனால் ஜோதியம்மாளுக்கு அது என்ன கணக்கு? அவருக்கு வேண்டியது ஒரே ஒருவர் அல்லவா?

ஏழாவதை மட்டும் எடுத்து மறுபடி அனுப்பினேன். பிழை. மறுபடி அனுப்பினேன். பிழை. யாரோ கால் தடுக்கிக் கேபிளைப் பிடுங்கிவிட, அங்கிருந்தவர்கள் அதை மறுபடி செருகிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுபடி அனுப்பினேன். நடக்கிறது என்றது. நடக்கிறது என்றது. முடிந்தது என்றது! திரையில் நீலச் சட்டை, நரைத்த மீசை. ஜோதியம்மாள் பார்த்ததுமே எழுந்துவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு ஏழாம் கூடாரத்தை நோக்கி ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

ஆறு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். அங்கே இருசப்பன் ஒரு டம்ளர் மோரைக் கையில் பிடித்தபடி அமர்ந்திருந்தார். பாதி குடித்திருந்தார். மனைவியைப் பார்த்ததும், பேச்சு வராத அந்த மனிதர், மீதிப் பாதியை அவரிடம் நீட்டினார். இரண்டு மணி நேரமாக அதைக் கீழே வைக்கவே இல்லையாம்!

கண்மணிகளே! நாளைக்கு நீங்கள் ஆயிரம் கோரிக்கைகளை ஒரே மூச்சில் அனுப்புவீர்கள். நாட்டுக்கே நிரல் எழுதுவீர்கள். எழுதத்தான் போகிறீர்கள், எனக்கு ஐயமே இல்லை! ஆனால் பிழை என்று திரும்பிய ஒன்றைப் பார்க்கும்போது, போனால் போகிறது என்று சொல்லாதீர்கள். அதன் மறுமுனையில் யாரோ டம்ளரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். மறுபடி கேளுங்கள்!

ஐயா கடிகாரத்தைக் கட்டிக்கொள்கிறார். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், வாய்ப்பளித்த மன்றத்துக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!