கொன்சல் தொரை லைனில் வருகிறார்

"ஹலோ… இருக்கேங்க மிஸ், இருக்கேன். வைக்கல… பாட்டுப் போட்டுட்டுப் போயிட்டீங்க, அதைத்தான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்… ஆமா… ஆமா, அதே ஆளுதான். டெலிடிராமா விசயமா முன்ன பேசுனேன்ல, பரிமளம்…"

பரிமளத்துக்குப் பின்கழுத்து தெறித்தது. சின்ன வயசிலேயே தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலை ஏறிய கழுத்து. தோட்டத்தை விட்டு வந்து வருசக்கணக்காகிவிட்டது; போனைக் கொஞ்ச நேரம் சாய்த்துப் பிடித்தால் போதும், பழைய கூடை வந்து ஏறிக்கொள்ளும். மாடிப்படியில் உட்கார்ந்தால்தான் சிக்னல் எடுக்கும். கீழே மஹ்ரூப் நானாவின் டயர் கடையில் காற்றடிக்கிற மெசின் உறுமிக்கொண்டிருந்தது. மேலே, படி முடிகிற இடத்தில், எஸி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எஸி, யாவ், குவாமே மூவரும் கானா நாட்டுக்காரர்கள். யாவ் பந்தாட்டக் கிளப் ஒன்றுக்கு ஆட வந்தவன். முழங்கால் போனதும் கிளப் அவனைக் கைகழுவிவிட்டது. எஸி படிக்க வந்தவள். குவாமே கேமராக்காரன். மஹ்ரூப் நானாவிடம் மேல்மாடியை எடுத்து அறை அறையாக வாடகைக்கு விட்டுச் சமைத்தும் போடுகிற பரிமளத்திடம் வந்து சேர்ந்தார்கள். கண்டியில் பிழைக்க வந்த கறுப்பர்களின் கதை என்று சிரிப்பு நாடகம் ஒன்றை எடுத்தார்கள். அவர்கள் ஊர் டெலிவிசன்காரர்கள் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்றார்கள். ஆனால் இலங்கையில் இருக்கும் தங்கள் நாட்டுக் கொன்சல் இதை ஆதரிக்கிறார் என்று ஒரு கடிதம் வேண்டுமாம்.

அந்தக் கடிதம் கிடைத்தால் நாடகம் ஓடும். அதைக் காட்டி விசாவையும் நீட்டிக்கலாம். மூவருக்கும் விசா முடிந்துபோயிருந்தது. கடிதம் கிடைக்காமல், விசா விசயம் மட்டும் வெளியே போனால், பிடித்து அடைத்துவைத்து ஏற்றி அனுப்பிவிடுவார்கள். எஸி முன்பு கொன்சல் ஆபீசுக்குப் போன் எடுத்தபோது பாஸ்போட் நம்பரைக் கேட்டார்கள்; பயந்து வைத்துவிட்டாள். ஊர்க்காரி ஒருத்தி பேசினால் நோண்ட மாட்டார்கள் என்று பரிமளத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். விசாவைப் பற்றி மூச்சு விடக்கூடாது. காலையில் தேங்காய் துருவும்போதும் அதைத்தான் அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மிஸ், காசு ஒன்னும் வேணாம்… ஸ்பொன்சர்னா காசு இல்லையாம், ஒரு காயிதம். கொன்சல் ஐயா சீல் குத்தி, 'இந்தப் புள்ளைங்க நல்ல காரியம் பண்ணுதுங்க'ன்னு நாலு வரி… கதையா? ஐயோ, கதை கேக்குறீங்களா… ஒரு பந்து வெளையாடுற பையன் கண்டிக்கு வர்றான் மிஸ். பஸ்ல ஏறுனா எல்லாரும் 'வெஸ்ட் இண்டீஸா, வெஸ்ட் இண்டீஸா'ன்னு கேக்குறாங்க. அவன் கிரிக்கெட் மட்டைய தொட்டதே இல்ல… ஆமா… கடையில பேனாவ நீட்டி கையெழுத்து வாங்குறாங்க, இவனும் போட்டுக் குடுத்துர்றான்… சிரிங்க மிஸ், சிரிங்க, சிரிக்கத்தானே எடுத்தது… அப்புறம் வீட்டுக்காரம்மா ஒருத்தி. அவன் குளிக்கிற வாளிய எண்ணிக்கிட்டே இருப்பா… அது நாந்தான்… நெசத்துலயும் எண்ணுவேன். தண்ணி பில்லு உங்க தலையிலயா வருது?"

நிஷாந்தி என்ற அந்தக் கொன்சல் ஆபீஸ் காரியதரிசிப் பெண் நன்றாகச் சிரித்தாள். பரிமளத்துக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மேலே பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எஸி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"சரி மிஸ்… அப்ப எப்ப வந்து எடுத்துக்கலாம்?… என்னாது?… ஐயாவே பேசுவாரா?… இப்பவா?… வேணாம் மிஸ், ஐயாவுக்கு எதுக்குத் தொல்லை, நீங்களே சொல்லி… மிஸ்… நிஷாந்தி மிஸ்…"

மறுபடி பாட்டு. பரிமளம், எஸி சொல்லிக் கொடுத்த இங்கிலீசு வாக்கியத்தை உதட்டுக்குள் உருட்டிப் பார்த்தாள். பாட்டு சட்டென்று நின்றது.

"குட் மோனிங் சேர். மை நேம் இஸ் பரிமளம், ஐ ஆம் த… ஆ… ஐயா தமிழ் பேசுவீங்களா…"

பேசினார். படித்தவர்கள் பேசுகிற தமிழ் இல்லை அது, கடைவீதித் தமிழும் இல்லை. மலையில் நின்று கூலிகளிடம் பேசிப் பழகிய தமிழ். எல்லாருக்கும் 'நீ'தான், எல்லாமே கேள்விதான், கேள்விக்கும் கேள்விக்கும் நடுவில் மூச்சு விட இடமில்லை.

"சொந்த எடங்களா… ஹுன்னஸ்கிரியப் பக்கங்கய்யா… ஆமாங்க, தோட்டந்தான்… மேல் டிவிசன்… அப்பா பேருங்களா? அழகமுத்துங்க… ஆமாங்க, கவ்வாத்து வெட்டுன அழகமுத்து… ஆமாங்க, ஒரு காது கேக்காது… ஐயாவுக்கு எப்புடிங்க… அங்கயா?… சின்னதொரையா இருந்தீங்களா…"

தேயிலைக் கம்பெனி வைத்திருக்கும் பெரிய மனிதர் என்றும், ஆப்பிரிக்கா பக்கம் தேயிலை வியாபாரத்தில் பழக்கமாகி அந்த நாட்டின் கௌரவத் தூதராக ஆனவர் என்றும் மட்டும்தான் எஸி சொல்லியிருந்தாள். கம்பெனி வைப்பதற்கு முன் அவர் எந்தத் தோட்டத்தில் கூலிகளை மேய்க்கிற உதவித் துரையாக இருந்தார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பரிமளம் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ரப்பர் செருப்பு இரண்டும் கீழ்ப்படியில் கிடந்தன. காலில் சிமெந்து சில்லென்று பட்டது.

"செத்துட்டாருங்க தொரை, அப்பா… ஆமாங்க… நல்லாத்தான் இருக்கேங்க… ஆமாங்க, அவங்க விசயமாத்தான்… மூணு பேருங்க… ஆமாங்க தொரை, எங்கிட்டதான் இருக்காங்க… ஆமாங்க… மடவளை ரோட்டுலங்க… ஆமாங்க, டயர் கடைக்கு மேல… இப்பவும் இருக்காங்க தொரை, மேல… ஆமாங்க…"

பெரட்டுக் களத்தில், விடியற்காலைப் பனியில், வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்று தெரியும். தொரை கேட்டதும் ஆமாங்க என்று சொல்லிவிட வேண்டும். என்ன கேட்டார் என்பதைப் பிறகு மலை ஏறும்போது யோசித்துக்கொள்ளலாம். நின்று யோசிக்கிறவளுக்கு அன்றைக்கு அரைநாள் கூலிதான் விழும். பரிமளத்தின் அம்மா அப்படித்தான் சொன்னாள், அவளுடைய அம்மாவும் அப்படித்தான். நாக்கு அதைக் கற்றுக்கொண்டபோது பரிமளத்துக்குக் கூடை தூக்கும் வயசு கூட ஆகவில்லை.

"ஆமாங்க… விசாங்களா… ஆமாங்க தொரை… முடிஞ்சிருச்சுங்க… மூணு பேருக்குந்தான்… ரெண்டு மாசம் ஆச்சுங்க… ஆமாங்க…"

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. தன் குரல்தான். காலையிலிருந்து பல்லுக்குள் கடித்து வைத்திருந்தது, மழைத்தண்ணி மாதிரி வழிந்து போய்விட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள்.

எஸிக்குத் தமிழில் ஒழுங்காகத் தெரிந்தது ஒரே ஒரு சொல். நாடகத்தில் பரிமளம் திருப்பித் திருப்பிச் சொல்கிற சொல்; நாடகத்தை எழுதியவளே எஸிதான். ஆமாங்க என்றால் யெஸ். அடுக்கடுக்காக அதையே கேட்டுக்கொண்டு நின்றவள் முகம் மலர்ந்து போயிற்று. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பரிமளம் கையை நீட்டினாள். ஆள் இல்லை. மேலே கதிரை ஒன்று கவிழ்கிற சத்தம், யாவின் கூச்சல், குவாமே சட்டியைத் தட்டித் தாளம் போடுகிற சத்தம்.

"அதுங்களா தொரை, சத்தம்… மேலருந்துங்க… ஆமாங்க, அவங்கதான்… சந்தோசங்க…"

அதையும் சொல்லிவிட்டாள்.

"என்னாங்க?… பாத்தீங்களா? எஸி அனுப்புனதயா?… மூணாவது பகுதிங்களா… ஆமாங்க, பொலிஸ் வர்ற எடம்… அது நாந்தாங்க… ஆமாங்க, அந்தப் பொம்பள எல்லாத்துக்கும் ஆமாங்க ஆமாங்கன்னே தலையாட்டுவா, கடைசில வீடே பொலிஸுக்குச் சொந்தம்னு ஒத்துக்குவா… அங்க பாத்தவங்கல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம்… என்னயப் பாத்துத்தான் எழுதுச்சாம், அந்தப் புள்ள…"

தொரை சிரித்தார். தொரை சிரித்தால் சிரிக்க வேண்டும், பரிமளமும் சிரித்தாள். சிரிப்பு வெளியே வந்தபோது இருமல் மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. குரல் வேறு மாதிரி ஆயிற்று. கோபம் இல்லை, நிதானம். நிதானம்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"ரிப்போட்டுங்களா… யாருக்குங்க?… இமிகிரேசனுக்கா… ஐயோ தொரை… லெட்டர மட்டும் குடுத்துட்டு நீங்க கேக்காத மாதிரி… ஓ… கையெழுத்துப் போட்டா ஐயா தலையில வந்து விழுமா… வெளங்குதுங்க… ஆமாங்க, சட்டம்… ஆமாங்க, தெரிஞ்ச பொறகு சும்மா இருக்க முடியாதுதான்… ஆமா—"

நாக்கைக் கடித்தாள். உண்மையாகவே கடித்தாள், உப்புக் கரித்தது.

"தொரை, கேளுங்க. ஒரு நிமிசம் நான் சொல்றத கேளுங்க… அந்தப் பையன் முட்டி வீங்கிக் கெடக்கான். நாந்தான் சுடுதண்ணி ஒத்தடம் குடுக்குறேன். யாரு வீட்டுக் கோழியையும் அவன் திருடல. அவங்க அம்மா அவன் இன்னமும் கிளப்புல ஆடுறதா நெனச்சுக்கிட்டு இருக்கு. இப்ப வெலங்கு மாட்டி ஏத்தி அனுப்புனா… நாடகம் ஓடுனா தலை நிமிந்து போவான் தொரை, அம்புட்டுத்தான் அவன் கேக்குறது… நான் எதுத்துப் பேசலங்க…"

கீழே காற்று மெசின் நின்றுவிட்டது. மஹ்ரூப் நானா அண்ணாந்து பார்த்தார். பரிமளம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்லங்க."

அந்தச் சொல் வாயில் புதுச் செருப்பு மாதிரி இருந்தது. மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"இல்லங்க தொரை. இல்லைன்னு சொல்றேன். நான் சொன்னது பூரா பொய். மேல யாரும் இல்ல… சத்தமா? அது ரேடியோ… டயர் கடையும் இல்ல. மடவளை ரோடும் இல்ல. நான் பிலிமத்தலாவையில இருக்கேன்… ஆமா… இல்ல, இல்ல, ஆமா இல்ல… எம் பேரு பரிமளம், அது மட்டும் நெசம். வாடகைக்கு விட்டவ நான். ஆளனுப்புறதா இருந்தா எனக்கு அனுப்புங்க. என்னயக் கொண்டு போங்க, எனக்கு எந்த நாட்டு விசாவும் வேணாம், என்னய எங்கயும் ஏத்தி அனுப்ப முடியாதுல்ல…"

மறுமுனையில் அவசரம் இல்லை. வாழ்நாளில் அவள் தொரையிடம் சொன்ன முதல் 'இல்லை', மதகைத் தாண்டிப் போகிற சருகு போல அவரைத் தாண்டிப் போனது. அவர் தொடர்ந்து பேசினார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"ம்… ம்… அவங்களாவே இமிகிரேசனுக்குப் போயி ஒப்படைச்சாவா… தண்டம் கட்டணும்… அடைக்க மாட்டாங்களா? நெசமாவா… சொந்த டிக்கெட்டுல போயிறலாம்… திரும்பி வரத் தடை போட மாட்டாங்க… ம்… அவங்க கூட ஐயா ஒரு ஆளை அனுப்புவீங்களா… அது பெரிய மனசுங்க தொரை… எப்பங்க?… நாளைக்குக் காலையிலயா… அதுக்குள்ள வரலைன்னா… வெளங்குதுங்க, அப்பறம் உங்க கையில இல்ல…"

மேலே சட்டித் தாளத்தோடு பாட்டும் சேர்ந்துவிட்டது. எஸிக்குப் பாட வராது, அவளும் பாடினாள்.

"நாடகம்?… அது அவ்வளவுதானா… லெட்டரே கெடையாதா… பொறவு எப்பயாச்சும்… சரிங்க… அவங்ககிட்ட யாரு தொரை சொல்றது? நிஷாந்தி மிஸ் இங்கிலீசுல எடுத்துச் சொல்லுவாங்களா?… இல்லயா… நானா… நானேவா… எனக்கு அம்புட்டு இங்கிலீசு தெரியாதுங்க… சமையலறை இங்கிலீசு, சோறு, தண்ணி, வாளின்னு… தொரை, ஒரு நிமிசம்… ஹலோ… தொரை… ஹலோ…"

வைத்துவிட்டார்.

போன் காதிலேயே இருந்தது. அதை எடுத்தால் அடுத்த வேலையைச் செய்ய வேண்டும். படியின் உச்சியில் யாவ் வந்து நின்றான். வீங்கிய காலைத் தூக்கி, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவனுக்குப் பின்னால் எஸி, அவளுக்குப் பின்னால் குவாமே. "ஆமாங்க, பரி ஆன்ட்டி?" என்று கேட்டான் யாவ்.

அவள் காதில் போனை இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டாள். அந்த மூன்று பேருக்கும் அவள் இன்னும் ஒரு 'இல்லை' கடன்பட்டிருந்தாள்.