காலி இடம் இல்லாத கணக்கெடுப்பு

மார்ச் பதினான்காம் தேதி பிற்பகல், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வார்டில், பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர் ஒருவர் ஊசி போட்ட சற்று நேரத்தில் இறந்தார்.

எனக்குத் தொலைபேசியில் பேசுவது ரொம்பப் பிடிக்கும், மேடம். விசாரணையில் இதையா சொல்வது என்று நினைப்பீர்கள். எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே. முகம் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் மழை, வெயில், முதுகுவலி என்று பேசிவிட்டு, அவர் அசந்த நேரத்தில் கேள்விக்கு இழுத்து வருவது ஒரு கலை. எனக்கு அது கைவந்திருந்தது.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தால், அவருடைய நோய், மருந்து, பரிசோதனை முடிவு எல்லாம் கணினி வழியே அடுத்த ஆஸ்பத்திரிக்கும் குடும்ப டாக்டருக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்கென்று ஊருக்கு ஊர் ஒரு பகிர்வு மையம் இருக்கிறது. அந்த மையங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று ஆண்டுதோறும் அவற்றிடமே கேட்டு அறிக்கை போடுவது எங்கள் அலுவலகம். கேட்கிற வாய் என்னுடையது.

எனக்கு முன்னால் இருந்தவர் கேள்வித்தாளை அனுப்பிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பாராம். பாதிப் பேர்கூடப் பதில் போட மாட்டார்கள். அறிக்கை ஓட்டைப் பல்லோடு சிரிக்கும். நான் வந்த இரண்டாம் ஆண்டே எல்லா மையங்களும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டன. என் தலைமை அதிகாரி அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். அவருக்கு அலுவலகத்தில் 'காற்புள்ளி' என்று பெயர். எந்த அறிக்கையைக் கொண்டுபோனாலும் ஒரு காற்புள்ளியைச் சேர்ப்பார், இல்லாவிட்டால் ஒன்றை எடுப்பார். அதோடு அவர் பங்கு முடிந்தது. அன்று அதுவும் செய்யவில்லை.

மையத்துக்காரர்கள் எல்லாருமே நல்லவர்கள். மேற்கு மையத்துக்காரர் எதைக் கேட்டாலும் "ஓரளவு" என்பார்.

"சார், சௌக்கியமா?"

"ஓரளவு."

"வீட்ல?"

"அவங்களும் ஓரளவு."

எங்கள் தாளில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம்தான். 'ஆம்' என்றே போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்பேன். "போட்டுக்கோங்க, உங்களுக்குத் தெரியாததா" என்பார். குன்றின் மேல் உள்ள மையத்தில் தலைவர், தொழில்நுட்ப அதிகாரி, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுகிறவர் எல்லாம் ஒரே ஆள். எப்போது கூப்பிட்டாலும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அவர் சார்பில் பாதித் தாளை நானே நிரப்பி, படித்துக் காட்டி, சரி வாங்கிக்கொள்வேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இடக்குப் பண்ணியது அக்கரை மையம் ஒன்றுதான். அதை நடத்தியவர் முன்பு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். எல்லாரும் 'மேட்ரன்' என்பார்கள், நானும் அப்படியே. போன ஆண்டு அவர் ஒரே ஒரு கேள்வியைக் காலியாக விட்டு அனுப்பியிருந்தார். மருந்து ஒவ்வாமை விவரம் மறு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறதா என்ற கேள்வி. கூப்பிட்டேன்.

"மேட்ரன், ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"அந்த ஒண்ணுதான் தம்பி எனக்கு உதைக்குது. போகுதான்னு கேட்டீங்க, போகுது. போய் எங்க உக்காருதுன்னு கேக்கலையே."

"எங்க உக்காருது?"

"கடைசிப் பக்கத்துல. டாக்டர் திறக்கிற முதல் பக்கத்துல அந்த இடம் காலியா வருதா, உடனே கம்ப்யூட்டர் தானா 'ஒவ்வாமை: இல்லை'ன்னு போட்டுக்குது. அப்புறம் யாரு கடைசிப் பக்கம் போய்ப் பாக்கப் போறா?"

உண்மையைச் சொன்னால், அந்தக் கணினிமேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்தான் வந்தது. காலி இடம் கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

"'ஆம்'னு போட்டுட்டு, இதைக் கீழ குறிப்புல எழுதிடுங்களேன்."

"குறிப்பை யாரு படிக்கிறா?"

"நான் படிப்பேன்."

"நீங்களா வந்து ஊசி போடுறீங்க?"

இரண்டு பேரும் சிரித்தோம். வாய்க்காரி. ஆனால் கட்டத்தை நிரப்ப மறுத்துவிட்டார். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு மையம் விட்டுப்போன விடையை, அதைப் போன்ற மற்ற மையங்களின் விடையைப் பார்த்து நாமே ஊகித்துப் போடலாம்; ஊகம் என்று பக்கத்தில் குறித்துவிட வேண்டும். மற்ற எல்லா மையங்களும் 'ஆம்'. ஆகவே அக்கரைக்கும் 'ஆம்' போட்டேன். குறிக்கவில்லை. குறித்தால் 'எல்லா மையங்களும்' என்று எழுத முடியாது. 'ஏறக்குறைய எல்லா மையங்களும்' என்று எழுத வேண்டும். அந்த 'ஏறக்குறைய' அறிக்கையின் மூக்கில் பரு மாதிரி இருந்திருக்கும்.

அறிக்கை நன்றாகப் போயிற்று. டி.வி.யில்கூடப் பேசினேன். பிறகு சுகாதாரத் துறையில் ஒரு கூட்டம். அதுவரை எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரு பழக்கம் இருந்தது: நோயாளி வந்ததும் நர்ஸ் அவரிடமே எந்த மருந்து ஆகாது என்று கேட்டு, ஆகாதது இருந்தால் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டுவார். விவரம்தான் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்கிறதே, இன்னும் எதற்கு இந்தப் பட்டை என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அறிக்கைப்படி அவசியம் தெரியவில்லை என்றேன். அந்த வாக்கியத்தில் பொய் ஏதும் கிடையாது, மேடம். நீங்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துப் பாருங்கள். டீ வந்தது. அடுத்த மாதம் கேட்பதும் நின்றது, பட்டையும் நின்றது. மேட்ரன் அலுவலகத்துக்கு இரண்டு தடவை கடிதம் போட்டார். காற்புள்ளி அவற்றை என்னிடம் அனுப்பினார். நான் மரியாதையாகப் பதில் எழுதினேன்.

இனி மார்ச் பதினான்கு.

அன்று சாயங்காலம் என் அக்கா வீட்டுக்காரருக்குப் பித்தப்பை ஆபரேஷன், அக்கரையில்; காலையிலேயே சேர்த்துவிட்டார்கள். மாமாவுக்கு ஓர் ஆன்டிபயாடிக் ஆகவே ஆகாது. நான் போகும்போது சட்டைப்பையில் ஒரு மார்க்கர் பேனா வைத்திருந்தேன். மாமாவின் கையை நீட்டச் சொல்லி, முழங்கைக்குக் கீழே அந்த மருந்தின் பெயரைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் 'வேண்டாம்' என்று போட்டேன்.

"ஏன் மாப்ள, பார்சல்ல அனுப்பப் போறியா? அப்படியே விலாசத்தையும் எழுதிடு" என்றார் மாமா.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல போய்ச் சேருதுன்னு நீதானேடா டி.வி.யில சொன்ன?" என்றாள் அக்கா.

"சேரும்க்கா. இது சும்மா, மனசுக்கு."

வார்டு நர்ஸ் ஊசித் தட்டோடு வந்தார். கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். "இங்க ஒவ்வாமை இல்லைன்னு போட்டிருக்கே, சார்" என்றார். தட்டில் இருந்தது அதே மருந்துதான். என்னை டி.வி.யில் பார்த்தவர் போலிருக்கிறது, முகம் மலர்ந்தது. இந்த ஒரு பதிவில் ஏதோ கோளாறு, நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். "நீங்களே சொன்னா சரி சார்" என்று வேறு மருந்து எடுத்துவரப் போனார். நல்ல பெண்.

அடுத்த கட்டிலில் இருந்தவர் இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலில் ஒரு கட்டி, கீறி எடுக்க வந்திருந்தார். காலையிலிருந்து மாமாவும் அவரும் ஒரே அரட்டை.

"சார், அந்தப் பேனாவை இப்படி நீட்டுங்க. எனக்கும் அதே மருந்து ஆகாது. சின்ன வயசுல ஒரு தடவை போட்டு, மூஞ்சி வீங்கி, பெத்த அம்மாவே யாருடா நீன்னு கேட்டாங்க."

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்ப மட்டும் அடையாளம் தெரியுற மூஞ்சியா இது?"

பேனா என் கையில்தான் இருந்தது, மூடி திறந்தபடி. நான் யோசித்தது கொஞ்ச நேரம்தான். ஒரு கையில் எழுதினால் அது பாசம். இரண்டு கையில் எழுதினால் அது புள்ளிவிவரம். நர்ஸ் திரும்பி வருவார், இரண்டாவது கையைப் பார்ப்பார், இரண்டாவது திரையைப் பார்ப்பார், மேலே சொல்வார். ஒரு வார்டில் இரண்டு பேர் என்றால், அந்த 'ஆம்' எங்கிருந்து வந்தது என்று யாராவது மேட்ரனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

மூடியைப் போட்டேன். "உங்களுக்கு எதுக்குங்க? உங்க விவரம் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்" என்றேன்.

"நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடவா?"

"வேண்டாம். அவங்களுக்கே தெரியும்."

"நீங்க சொன்னா சரி சார். டி.வி.காரர் ஆச்சே" என்று சொல்லிவிட்டு, மாமாவிடம் விட்ட கதையைத் தொடர்ந்தார். எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. அவரிடமும் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன்.

இதை உங்களிடம் சொன்னது மாமாதான் என்று தெரியும். எனக்கு வருத்தம் இல்லை. அவர் பக்கத்துக் கட்டிலில் இருந்து பார்த்திருக்கிறார். மனிதர் கலங்கத்தான் செய்வார். இப்போது என்னோடு பேசுவதில்லை. அக்கா பேசுகிறாள், ஓரளவு.

எழுத வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று, அந்த அறையில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிக்கையைப் பொறுத்தவரை, ஒரு தனி மனிதரை வைத்து நாடு முழுவதற்கும் முடிவு கட்டக் கூடாது என்பதை நீங்களும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிவப்புப் பட்டை திரும்ப வந்துவிட்டது. இந்த ஆண்டுக் கணக்கெடுப்பை மேட்ரனிடம் கொடுத்திருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட மையங்கள் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொல்லியிருக்கின்றன; சில பதிலே சொல்லவில்லை. காலி இடங்களை அப்படியே விட்டு அச்சடித்திருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒரே மத்தியானத்தில் நிரப்பிக் கொடுத்திருப்பேன்.