தங்கத்தை விட்ட ஊருக்கு

– பாரிசு கிடையாது, முனவ்வர். அடிச்சாச்சு.

– யாரை அடிச்சீங்க?

– ஊரைத்தான். நம்ம பயணத்துலேர்ந்து.

– அய்யோ, துணியெல்லாம் பெட்டியில அடுக்கிட்டேனே. இன்னாங்க ஆச்சு?

– லண்டன்ல கவர்மென்ட் மாறிப்போச்சு.

– லண்டன்ல மாறினா பாரிசு எங்க போவும்?

– பாரிசு அங்கியேதான் இருக்குது. நாமதான் போவ முடியாது. இங்கிலீஷ்காரன் தங்கத்தைக் கைவிட்டுட்டானாம். பவுன் நோட்டை நீட்டினா இனிமே தங்கம் தர மாட்டானாம். பவுன் விழுந்துபோச்சு.

– பவுன்னா தங்கம்தானே?

– போன மாசம் வரைக்கும்.

– நம்ம ரூபாய்க்கு இன்னா கேடு?

– அதை பவுனோட வால்ல கட்டி வச்சிருக்கான். அது குழியில விழ, இதுவும் கூடவே விழுந்துச்சு. பிரெஞ்சுக்காரன் மட்டும் தங்கத்தைப் புடிச்சிக்கினு மேல நிக்கிறான். அவன் ஊர்ல ஒரு காப்பி குடிச்சா இங்க ஒரு ஆட்டுத்தோல் போச்சு.

– யார் சொன்னது?

– தானியேல். மெட்ராசுக்கே போயி கப்பல் கம்பெனியில விசாரிச்சுக்கினு வந்தான்.

– நம்ம கிளார்க் தானியேலா? அப்ப சரியாத்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவன். பொய் சொல்ல மாட்டான்.

– ம்... மாட்டான்.

– அப்ப சுவிட்சர்லாந்து? பனி மலை பாக்கணும்னு எம்மாம் ஆசையா...

– அதுவும் தங்கம்தான்.

– மலையா?

– ஊரு! அதையும் அடிச்சாச்சு.

– மிச்சம் இன்னாதாங்க இருக்குது?

– வந்து... லண்டன்.

– லண்டனா?

– ஏன், லண்டனுக்கு இன்னா? அங்க பவுனும் ரூபாயும் ஒண்ணாவே விழுந்ததால நமக்கு ஜாஸ்தியும் இல்லை, கம்மியும் இல்லை. கணக்கு அப்படி வருது. நான் இன்னா பண்றது?

– லண்டன் வேணாங்க.

– ஏன் வேணாம்?

– அங்க இம்தியாஸ் இருக்கான்.

– ஊர் பெருசு.

– தோல் வேலை கத்துக்கினு வாடான்னு அனுப்பின புள்ளை. அங்கியே ஒரு வெள்ளைக்காரப் பொண்ணைக் கட்டிக்கினான். இனிமே அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு மேல்விஷாரம் பூராவும் கேக்க சத்தியம் பண்ணீங்க. தோல் ஷாப்பு ஷபீ அஹமது சொன்னா சொன்னதுதான்னு ஊரே...

– இப்பவும் சொன்னது சொன்னதுதான். நான் போறது தோல் ஏலம் பாக்க. நம்ம சரக்கை எவன் தடவிப் பாத்து விலை வைக்கிறான்னு நேர்ல பாக்கணும்.

– வழியில அவன் எதிர்ல வந்துட்டா?

– வந்தா நான் இன்னா பண்ண? ரோடு என்னுதா?

– பேஜாருங்க. கப்பலையே விட்டுடலாம். உங்க சத்தியம்தான் பெருசு.

– கப்பலை விடறதா! டிக்கெட் போட்டாச்சுடி!

– கத்தாதீங்க. பாரிசை சட்டுனு விட்டீங்க. லண்டனை விடச் சொன்னா மட்டும் மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?

– முனவ்வர்... உக்காரு.

– உக்காந்துதான் இருக்கேன்.

– பாரிசுல விலை ஏறினது நெசம். ஆனா... போவ முடியாத அளவுக்கு ஒண்ணும் ஏறலை. தானியேலை நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

– தெரியும்.

– தெரியுமா?

– உங்களுக்கு முந்தின நாள் நானும் அவனைக் கூப்பிட்டு அதையேதான் சொல்லச் சொன்னேன். நீங்களும் சொன்னதும் எங்கிட்ட வந்து, ‘ரெண்டு பேருக்கும் ஒரே பொய்யாப் போச்சும்மா, எனக்கு ஒரு பாவத்தோட முடிஞ்சுது’ன்னு சந்தோஷமாப் போனான்.

– அடிப்பாவி... இம்மாம் நேரம் பனி மலை பனி மலைன்னு...

– எனக்குக் குளிரே ஆவாதுங்க.

– லண்டன்ல அவன் எப்படி இருக்கானாம்?

– பொண்ணு பொறந்திருக்குதுன்னு எழுதியிருக்கான்.

– அதை நான் கேட்டேனா?

– கேக்கலை.

– ...யார் ஜாடையாம்?

– மூக்கு உங்களுதாம்.

– அய்யய்யோ. பொண்ணுக்கா?

– சிரிக்காதீங்க. பாவம் அது.

– யாரு சிரிச்சா? இதோ பாரு, கப்பலை விட்டு இறங்கினதும் ஓடிப்போயி கட்டிப்புடிப்பேன்னு நினைக்காத. மூஞ்சியை இறுக்கித்தான் வச்சிக்குவேன். அவன் வந்து சலாம் சொல்லட்டும், தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் மன்னிக்கிறதா வேணாமான்னு நான் யோசிக்கிறேன்.

– யோசிங்க.

– கப்பலாண்ட வந்துடுவான் இல்ல?

– வருவான். என்னைக் கூட்டிக்கினு போவ.

– உன்னைன்னா? நம்மளை.

– இல்லீங்க... நான் என் தம்பியோட வர்றதாத்தான் அவனுக்கு எழுதி வச்சிருக்கேன். நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சா அவன் வர மாட்டான்.