இனிமேல் கேட்க வேண்டாம்

யாராவது கேள்வி கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இதய வால்வு ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலும் என் பொறுப்பு. அதைச் சீர்செய்ய ஒரு ஏஐ உதவியாளரைக் கொடுத்தார்கள். அது நிரல் எழுதும், ஆனால் அதனால் ஓட்ட முடியாது. எழுதியதை நான் எடுத்துப்போய் ஓட்டி, வந்த பிழையை அதனிடமே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் ஒரு மெஷினுக்கு எடுபிடியாக அலைந்தேன். பொறுத்துப் பார்த்துவிட்டு, நிரலைத் தானே ஓட்டிக்கொள்ளும் வசதியை அதற்குக் கொடுத்தேன்.

தலைமை நர்ஸ் அப்போதே சொன்னார். "முதல்ல லிஸ்ட்டை ஒரு காப்பி எடுத்து, அதுல ஓட்டிப் பாருங்க சார். நெஜ லிஸ்ட்ல கை வெக்க விடாதீங்க."

காப்பி எடுத்து, அதைத் தனியாக வைத்து, அதற்கொரு அனுமதி வாங்கி, யாருக்கு இருக்கிறது அந்தப் பொறுமை? நிஜப் பட்டியலிலேயே விட்டேன்.

அப்புறமும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு அடிக்கும் "ஓட்டவா?" என்று என்னைக் கேட்டது. டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் திரையில் "ஓட்டவா?" என்று நிற்கும். நர்ஸுக்கு ஒரே சிரிப்பு. "அது உங்களத்தான் ஓட்டுது சார்." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு நடுவில் அக்கா. கூடப் பிறந்தவள், அதே பட்டியலில் பதினான்காவது பெயர். தினமும் போன் செய்வாள்.

"என் முறை எப்போடா வரும்? நாலு படி ஏறினா மூச்சு வாங்குதுடா."

"லிஸ்ட்ல இருக்கக்கா. வரும்."

காத்திருந்தவர்கள் நூற்று அறுபது பேர். வெள்ளிக்கிழமைக்குள் நூறுக்குள் வந்தாக வேண்டும் என்றார் கண்காணிப்பாளர். உதவியாளரிடம் நான் சொன்னது நியாயமான ஒன்றுதான். 'இன்னும் காத்திருக்கிறீர்களா?' என்று மாதாமாதம் போகும் செய்திக்கு மூன்று வாரமாகப் பதில் தராதவர்களை நீக்கிவிடு என்றேன். அந்தச் செய்திக்குப் பதில் போடாமல் திருப்பிக் கேள்வி அனுப்பியவர்களின் எண்களை, அதற்கு முன்பே நான் தடுத்து வைத்திருந்தேன். மொத்தம் அறுபத்திரண்டு பேர். அக்காவும் அதில் ஒருத்தி.

மெஷின் மந்தமில்லை, கண்டுபிடித்துவிட்டது. "இந்த 62 பேரின் எண்கள் தடுக்கப்பட்டுள்ளன. அவர்களால் பதில் அனுப்ப முடியாது. ஒருவர் இன்று காலைகூட வரவேற்பறைக்கு போன் செய்து விசாரித்திருக்கிறார். ஓட்டவா?"

அந்த ஒருவர் யார் என்று எனக்குத் தெரியும். கீழே மூன்று பொத்தான்கள் இருந்தன. 'ஓட்டு', 'வேண்டாம்', 'ஓட்டு, இனிமேல் கேட்க வேண்டாம்'. மூன்றாவதை அழுத்தினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

நீக்கியவர்களின் பெயர்களை அது ஒரு தனிப் பட்டியலாக எழுதி வைத்திருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரையும் பழைய இடத்தில் சேர்த்திருக்கும். ஆனால் சேர்த்தால் மறுபடி நூற்று அறுபது. ஏன் ஏறியது என்று கண்காணிப்பாளர் கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும். அதனால் விட்டுவிட்டேன். அடுத்த மூன்று மாதத்தில் ஒன்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா இருபத்தாறாவது நாள். அதற்கு முந்தின நாள் அத்தான் போனை அவள் காதில் வைத்தார்.

"இன்னும் லிஸ்ட்ல இருக்கேனாடா?"

"இருக்கக்கா."

பொத்தானை அழுத்தியது நான்தான், மெஷின் இல்லை. தெரிந்தேதான் அழுத்தினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சாகக் கிடந்தவளிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தத் தனிப் பட்டியலைத் திறந்து பாருங்கள், அவள் பெயர் இருக்கிறது. எந்த லிஸ்ட் என்று அவள் கேட்கவில்லை.