வெள்ளிக்கிழமை ஹிட்டைட்

லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் பஸ் ஏறிய இரண்டு சகோதரிகள் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. மடியில் அர்ச்சனைப் பை. பஸ் நகர்ந்ததும் மூத்தவர் சொன்னார்:

“அடுத்த வெள்ளியில இருந்து நான் கோயிலுக்கு வரமாட்டன். ஹிட்டைட் மொழி படிக்கப் போறன்.”

“அதை ஆர் அக்கா கதைக்கினம்?”

“ஒருத்தருமில்லை. துருக்கிப் பக்கம் களிமண் பலகையில எழுதின மொழி. செத்து மூவாயிரம் வருசம்.”

“பிறகேன் படிக்கிறியள்?”

“பிழை பிடிக்க ஆளில்லைத்தானே. ஜெர்மனியில பேக்கரியில வேலை செய்யேக்க, மேசை ஆண்பால், கதவு பெண்பால் எண்டு பாண் வாங்க வந்த சனமெல்லாம் என்னைத் திருத்தினது. இதில உயிருள்ளது, உயிரில்லாதது எண்டு ரெண்டே பால்தான்.”

“அதுக்காக அம்மனை விடுறதோ?”

“அம்மன் செவ்வாய்க்கிழமையும் இருப்பா.”

இளையவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இந்த வயசில இது தேவையோ அக்கா?”

“ஓம், தேவை. ஜெர்மன், இங்கிலீசு எல்லாம் ஒரே குடும்பமாம். அந்தக் குடும்பத்தில எழுத்தில கிடைச்சதிலயே பழசு இதுதானாம். இளையதுகளிட்ட முப்பது வருசம் ஏச்சு வாங்கினது காணும். இனி நான் நேரா மூத்தவரிட்டப் போறன்.”