ஆவாரைக்குத் தண்ணி ஆகாது

ஆவாரைக்குத் தண்ணி ஊத்தி ஊத்தி வளக்கணும்னு ஊரே நம்புது, மாப்பிள்ளை. பெருந்தப்பு. தண்ணியில்லாம செத்த ஆவாரையை நான் பாத்ததே இல்ல. பாசத்துல ஊத்தி, வேரழுகிச் செத்ததுதான் அத்தனையும்.

எங்க அவ, எங்க அவன்னு வந்ததுலேர்ந்து அதையேதான் கேக்குறீங்க. உங்க பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினா அக்கா என் வீட்டுக்குத்தான் வரணுமா? இது நர்சரி. தொட்டியும் மண்ணும்தான் இருக்கு. நிழல்வலைக்குள்ள பாருங்க, உரமூட்டைக்குப் பின்னால பாருங்க. வெட்டிட்டுத்தான் போவேன்னு ரோட்டுலேர்ந்தே கத்திக்கிட்டு வந்தீங்க, சரி. அந்த அரிவாளைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்க. வலை கிழியுது.

ரோஜாத் தொட்டியா? உதைங்க, உதைங்க. ஒரு நாள் தண்ணி காட்டலன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குற ரகம் அது.

ஆவாரை அப்படியில்ல. விதையிலேயே முரண்டு. சும்மா மண்ணுல போட்டா கல்லு மாதிரி கிடக்கும். உப்புத்தாள்ல தேச்சு, தோலைக் காயப்படுத்தித்தான் விதைக்கணும். என்னது, பொம்பளையும் அப்படித்தானா? நல்லாச் சொன்னீங்க. போன மாசம் அவ கையில நீங்க பண்ணின காயத்துக்கு நான்தான் கட்டுப் போட்டேன். அதுல ஒண்ணும் முளைக்கல, மாப்பிள்ளை.

ம்... சரி. அறைஞ்சாச்சு. இருங்க, ரத்தத்தைத் துப்பிக்கிறேன்.

ஆவாரையை வெட்டுறீங்களா? வெட்டுங்க. அவ கையால போட்ட விதைதான் அந்த வரிசை முழுக்க. ஆனா கண்டபடி கொத்தாதீங்க. தரையிலேர்ந்து ஒரு சாண் விட்டு, சாய்வா, ஒரே வெட்டு. மழைக்கு முன்னால இப்படி மொட்டையடிச்சாத்தான் அடியிலேர்ந்து கிளைச்சுக் கொத்துக்கொத்தாப் பூக்கும். நானே இதுக்கு ஆள் தேடிக்கிட்டிருந்தேன். அந்த ஓரத்துச் செடி விட்டுப்போச்சு பாருங்க. ஆங், அதுதான். பயங்கரமா மூச்சு வாங்குதே, அந்த மூட்டை மேல உக்காருங்க.

ஹாரனா? பின்பக்க ரோட்டுல பஸ்ஸு. இன்னிக்கு அதிசயமா நேரத்துக்கு வந்துட்டான். ஓடாதீங்க, நடுவுல முள்வேலி. நீங்க சுத்திப் போறதுக்குள்ள அவன் பாலம் தாண்டிடுவான். பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு ஜன்னலோரமா உக்காருடின்னு சொல்லித்தான் அனுப்பினேன், அதுக்குக் காத்து வேணும்.

நீங்க அறைஞ்சதுல ஆடின பல்லு கையோட வந்துடுச்சு.